பத்துச் சோதனையில் தேறிய சேர்மத்தை நம்பலாமா?

ஒரு செடியின் வேரிலிருந்தோ, கடல் உயிரியிடமிருந்தோ, வேதியியல் ஆய்வகத்தின் குடுவையிலிருந்தோ புதிதாக ஒரு சேர்மம் கிடைக்கிறது. கொஞ்ச நாளில் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வருகிறது. இது பாக்டீரியாவைத் தடுக்கிறது, பூஞ்சையைத் தடுக்கிறது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது, புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது, நீரிழிவுக்கு எதிராகச் செயல்படுகிறது என்று சுருக்கத்திலேயே ஒரு பட்டியல் இருக்கும். அதே விஷயம் செய்தியாகும்போது ஐந்து நோய்க்கு ஒரே மருந்து கண்டுபிடிக்கப்பட்டதாக மாறிவிடும்.

கட்டுரையில் உள்ள எண்கள் பெரும்பாலும் உண்மையானவைதான். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது வெளியே தெரிவதில்லை. தெரிந்தால் அந்தப் பட்டியலை வேறு கண்ணோடு படிப்பீர்கள். வேதியியலோ உயிரியலோ படிக்காதவர்களுக்கும் புரியும்படி இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், 'செயல்திறன்' என்று ஆய்வகத்தில் சொன்னால் என்ன பொருள்? ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டில், ஒரு குறிப்பிட்ட செறிவில், அந்தச் சேர்மம் அளக்கக்கூடிய ஏதோ ஒரு மாற்றத்தை உண்டாக்கியது. அவ்வளவுதான். எந்தச் செறிவில், எதோடு ஒப்பிட்டு என்ற இரண்டும் இல்லாமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது. உப்பும் சர்க்கரையும்கூடப் போதுமான அளவு கொட்டினால் பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்திவிடும்.

ஒரே சேர்மத்தை ஏன் இத்தனை சோதனைகளுக்கு உட்படுத்துகிறார்கள்? இயற்கைப் பொருளிலிருந்து பிரித்தெடுத்த தூய சேர்மம் பல நேரம் சில மில்லிகிராம்தான் தேறும். அதற்குப் பின்னால் மாதக்கணக்கான உழைப்பு இருக்கும். அது உடலில் எங்கே போய் ஒட்டும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எனவே கையில் இருப்பதைப் பங்கிட்டு, பல கதவுகளைத் தட்டிப் பார்க்கிறார்கள். இதைத்தான் ஸ்கிரீனிங் என்கிறோம்.

அகார் தட்டில் ஒரு வட்டம்

பாக்டீரியா எதிர்ப்புச் சோதனைகளில் எல்லோரும் முதலில் கற்பது காகித வில்லைச் சோதனை. 1966-ல் பாவர், கெர்பி குழுவினர் அதை முறைப்படுத்தி வெளியிட்டார்கள். முல்லர்-ஹின்டன் அகார் என்ற வளர்தளத்தை 4 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தட்டில் ஊற்றி உறையவிடுவார்கள். அதன்மேல் பாக்டீரியாக் கரைசலைப் பஞ்சுக்குச்சியால் சீராகத் தடவுவார்கள். சேர்மத்தில் நனைத்த 6 மில்லிமீட்டர் காகித வில்லையை மேலே வைத்து, 35 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 மணி நேரம் விட்டுவிடுவார்கள். மறுநாள் தட்டு முழுவதும் பாக்டீரியா மங்கலான படலமாகப் படர்ந்திருக்கும். சேர்மம் வேலை செய்திருந்தால் வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான ஒரு வட்டம் இருக்கும். அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவார்கள்.

பார்க்க அழகான சோதனை இது. செலவும் குறைவு. ஆனால் வட்டம் பெரியதாக இருந்தால் சேர்மம் வலிமையானது என்று எடுத்துக்கொள்வதுதான் ஆரம்பநிலைக் கட்டுரைகளில் அடிக்கடி காணும் பிழை. வட்டத்தின் அளவு, பாக்டீரியாவை அடக்கும் வலிமையை மட்டும் பொறுத்ததல்ல. நீர் நிறைந்த அந்த அகாருக்குள் சேர்மம் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் பொறுத்தது. கோலிஸ்டின் வேறு மருந்துகளுக்கு அடங்காத சில தொற்றுகளுக்குக் கடைசி ஆயுதமாகப் பயன்படும் மருந்து. அதன் மூலக்கூறு பெரியது, அகாரில் சரியாகப் பரவாது. எனவே வில்லைச் சோதனையை நம்பி அதன் திறனை முடிவு செய்வதில்லை. எண்ணெய்ப் பசையுள்ள சேர்மங்களுக்கும் இதே கதிதான். ஒரு சேர்மம் 18 மில்லிமீட்டர், இன்னொன்று 14 மில்லிமீட்டர் என்றால் முதலாவது சிறந்தது என்று சொல்ல இந்தச் சோதனை உரிமை தருவதில்லை. வட்டம் வந்தால் 'மேலே பார்க்கலாம்' என்று பொருள். வராவிட்டால் 'இல்லை' என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பன்னிரண்டு குழிகள்

மேலே பார்ப்பதற்கான சோதனை, வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைக் கண்டுபிடிப்பது. ஆய்வகத்தில் எம்ஐசி என்பார்கள். இதை நிதானமாகப் பார்ப்போம். இது புரிந்தால் மற்ற சோதனைகளின் தர்க்கமும் பாதி புரிந்துவிடும்.

உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டு. அதில் 8 வரிசை, வரிசைக்கு 12 குழிகள், மொத்தம் 96. ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். முதல் குழியில் ஒரு மில்லிலிட்டருக்கு 256 மைக்ரோகிராம் என்ற செறிவில் சேர்மம் இருக்கிறது. அடுத்த குழியில் அதில் பாதி, 128. அதற்கடுத்து 64, 32, 16, 8, 4, 2, 1, கடைசியாக 0.5. பைப்பெட்டால் ஒரு குழியிலிருந்து எடுத்து அடுத்ததில் கலந்து, அதிலிருந்து எடுத்து அதற்கடுத்ததில் கலந்து, இப்படியே பாதி பாதியாக நீர்த்துக்கொண்டு போவது. பத்துக் குழிகள் முடிந்தன. பதினொன்றாவதில் சேர்மம் இல்லை, பாக்டீரியா மட்டும். பன்னிரண்டாவதில் பாக்டீரியாவும் இல்லை, வெறும் வளர்திரவம். முதல் பதினொரு குழிகளிலும் மில்லிலிட்டருக்குச் சுமார் 5 லட்சம் என்ற கணக்கில் பாக்டீரியாவைச் சேர்த்து, இரவு முழுக்க இன்குபேட்டரில் வைக்கிறார்கள்.

மறுநாள் வெறுங்கண்ணாலேயே கலங்கல் தெரியும். தெளிவாகப் பார்க்க ரெசாசுரின் என்ற நீலச் சாயத்தைச் சேர்ப்பவர்களும் உண்டு. உயிருள்ள செல்கள் இருந்தால் அது இளஞ்சிவப்பாக மாறும். முதல் ஆறு குழிகள் நீலமாகவே இருந்து, 4 மைக்ரோகிராம் குழியிலிருந்து சிவக்கத் தொடங்கினால், எம்ஐசி 8. பதினொன்றாவது குழி சிவந்தே ஆகவேண்டும். சிவக்காவிட்டால் பாக்டீரியாவே செத்த சரக்கு, அன்றைய சோதனை செல்லாது. பன்னிரண்டாவது நீலமாகவே இருக்கவேண்டும். அது சிவந்தால் எங்கோ தொற்று புகுந்துவிட்டது. என்னைக் கேட்டால், தட்டைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்கவேண்டியவை கடைசி இரண்டு குழிகள்தான். ஒப்பீட்டுக் குழிகள் சரியாக இல்லாத ஒரு வரிசையில் மற்ற பத்தும் என்ன நிறம் காட்டினாலும் பயனில்லை.

இன்னொரு ஒப்பீடும் தேவை. பெரும்பாலான சேர்மங்கள் தண்ணீரில் கரைவதில்லை. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துத்தான் சேர்ப்பார்கள். அந்தக் கரைப்பானே அளவு மீறினால் செல்களைக் கொல்லும். எனவே சேர்மமே இல்லாமல் அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட குழியும் இருக்கவேண்டும். இல்லையென்றால் கொன்றது சேர்மமா கரைப்பானா என்று சொல்ல வழியில்லை.

எம்ஐசி எண்ணை எப்படி மதிப்பிடுவது? பழைய மருந்தோடு வைத்துப் பார்க்கவேண்டும். ஏடிசிசி 25922 என்ற தர நிர்ணய ஈ. கோலை பாக்டீரியா வகைக்கு எதிராக, சிப்ரோஃப்ளோக்சசின் என்ற பாக்டீரியா எதிர்ப்பு மருந்தின் எம்ஐசி மில்லிலிட்டருக்கு 0.004 முதல் 0.016 மைக்ரோகிராமுக்குள் வரவேண்டும் என்பது ஆய்வகங்கள் கடைப்பிடிக்கும் வரம்பு. இப்போது எம்ஐசி 500 என்று அறிவித்துவிட்டு, 'குறிப்பிடத்தக்க பாக்டீரியா எதிர்ப்பு' என்று எழுதும் கட்டுரையை யோசித்துப் பாருங்கள். எண்ணில் பொய்யில்லை. 'குறிப்பிடத்தக்க' என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதே வேளையில் 8-க்கும் 16-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிதுபடுத்தவும் கூடாது. பாதி பாதியாக நீர்த்துச் செய்யும் சோதனையில் ஒரு குழி முன்னே பின்னே போவது இயல்பு.

நிறம் மாறினால் போதுமா?

மற்ற சோதனைகளில் பலவும் நிறம் மாறுவதை அளப்பவைதான்.

ஆக்சிஜனேற்றத் தடுப்புக்கு டிபிபிஎச் சோதனை மிகப் பரவலானது. டிபிபிஎச் என்பது நிலையான ஒரு தனியுறுப்பு, அதாவது ஃப்ரீ ராடிக்கல்; துணையில்லாத ஓர் எலக்ட்ரானைக் கொண்ட மூலக்கூறு. ஆழ்ந்த ஊதா நிறம். சேர்மம் அதற்கு ஹைட்ரஜனைக் கொடுத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். அரை மணி நேரம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்தால் முடிந்தது. இதில் செல் இல்லை, என்சைம் (உடலின் வேதிவினைகளை நடத்தும் நொதி) இல்லை, உயிர் என்று எதுவுமே இல்லை. மெத்தனாலில் நடக்கும் ஒரு வேதிவினை. இதை 'உயிரியல் செயல்திறன்' பட்டியலில் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. சேர்மத்தின் ஒரு வேதிப் பண்பு என்று சொன்னால் சரி.

செல்களைக் கொல்லும் திறனுக்கு எம்டிடி சோதனை. 1983-ல் மோஸ்மன் வெளியிட்ட முறை. குழிகளில் செல்களை வளர்த்து, சேர்மத்தை ஒன்றிரண்டு நாள் விட்டு, பிறகு மஞ்சள் நிற எம்டிடியைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல்கள் அதை ஊதாப் படிகமாக மாற்றும். படிகத்தைக் கரைத்து நிறத்தை அளந்தால் எவ்வளவு செல்கள் பிழைத்தன என்று கணக்கிடலாம். பாதிச் செல்களை அடக்கும் செறிவுக்கு ஐசி50 என்று பெயர். எண் குறையக் குறைய வலிமை கூடுதல். ஆனால் இந்தச் சோதனை நேரடியாகச் சாவை எண்ணுவதில்லை, செல்லின் வளர்சிதை மாற்றத்தைத்தான் அளக்கிறது. வேலையை நிறுத்திவிட்டு உயிரோடு சும்மா இருக்கும் செல்லும் இதில் செத்ததாகவே கணக்காகும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பல சோதனைகளைச் சேர்த்துப் படிப்பவருக்கு மட்டுமே அது பிடிபடும். டிபிபிஎச்சை வெளுக்கவைத்த சேர்மம் இயல்பாகவே ஹைட்ரஜனையும் எலக்ட்ரானையும் தூக்கிக் கொடுக்கும் குணமுடையது. அது எம்டிடிக்கும் கொடுக்கும். செல்லே இல்லாத குழியிலும் ஊதா நிறம் தோன்றும். ரெசாசுரினையும் இதேபோல் சிவக்கவைக்கும். விளைவு? செத்த செல்கள் உயிரோடு இருப்பதாகத் தெரியும். சேர்மமும் சாயமும் மட்டும் உள்ள, உயிரே இல்லாத ஒரு குழியை வைத்தால் இந்த ஏமாற்றம் உடனே வெளிப்பட்டுவிடும். அந்தக் குழியை வைக்காத கட்டுரைகள் நிறைய இருக்கின்றன என்பதுதான் வருத்தம்.

நீரிழிவு எதிர்ப்பு என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ஆல்ஃபா-குளுக்கோசிடேஸ் என்ற என்சைமைத் தடுத்ததைத்தான் குறிப்பிடுகிறார்கள். மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரைத் துண்டுகளைக் குடலில் குளுக்கோஸாக உடைக்கும் என்சைம் அது. அதைத் தடுத்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மெதுவாகும். அகார்போஸ் என்ற மருந்து அப்படித்தான் வேலை செய்கிறது. எனவே அதையே ஒப்பீட்டுக்கு வைப்பார்கள். சிக்கல் என்னவென்றால், எளிதில் கிடைப்பதால் பலரும் ஈஸ்டிலிருந்து எடுத்த என்சைமைப் பயன்படுத்துகிறார்கள். ஈஸ்ட் என்சைமை அகார்போஸ் மிகப் பலவீனமாகத்தான் தடுக்கும். பாலூட்டிகளின் குடல் என்சைமைத்தான் வலுவாகத் தடுக்கும். ஈஸ்ட் என்சைமை வைத்துக்கொண்டு 'எங்கள் சேர்மம் அகார்போஸைவிடப் பல மடங்கு சிறந்தது' என்று அறிவித்தால், அது அகார்போஸுக்குப் பொருந்தாத களத்தில் நடந்த போட்டி. இந்த வாக்கியத்தை எங்கே கண்டாலும், என்சைம் எங்கிருந்து வந்தது என்று முறைகள் பகுதியில் தேடிப் பாருங்கள்.

சேர்த்துப் படித்தால் மாறும் பொருள்

இப்போது ஒரு சேர்மத்தை வைத்துக்கொள்வோம். ஸ்டேஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவை 32 மைக்ரோகிராமில் தடுக்கிறது. பட்டியலில் 'பாக்டீரியா எதிர்ப்பு' சேர்ந்தது. புற்றுநோய்ச் செல் வகை ஒன்றில் அதன் ஐசி50 28 மைக்ரோகிராம். 'புற்றுநோய் எதிர்ப்பு' சேர்ந்தது. பூஞ்சையையும் 30 வாக்கில் தடுக்கிறது. மூன்று பெருமை. பிறகு சாதாரண சிறுநீரகச் செல்களில் சோதிக்கிறார்கள். அங்கேயும் ஐசி50 30.

தனித்தனியாக மூன்று நற்செய்திகள். நான்கையும் சேர்த்து வைத்தால் கிடைப்பது ஒரே செய்திதான்: இது பொதுவான நஞ்சு. எதிரே வந்த எந்தச் செல்லையும் ஒரே செறிவில் கொல்கிறது. அதனால்தான் சாதாரணச் செல்லுக்கு நஞ்சாகும் செறிவை, வேண்டிய விளைவு கிடைக்கும் செறிவால் வகுத்துப் பார்க்கிறார்கள். இதைத் தேர்வுத்திறன் எண் என்பார்கள். மேலே சொன்ன சேர்மத்துக்கு அது ஏறக்குறைய ஒன்று. பத்துக்கு மேல் இருந்தால்தான் தொடர்ந்து பார்ப்பதில் பொருள் உண்டு என்பது இந்தத் துறையில் பலர் வைத்திருக்கும் நடைமுறைக் கணக்கு. சாதாரணச் செல்லில் சோதிக்காமலே 'புற்றுநோய் எதிர்ப்பு' என்று எழுதப்பட்டதை நான் பாதிக் கட்டுரையாகத்தான் கருதுகிறேன்.

நஞ்சாக இல்லாமலும் ஒரு சேர்மம் எல்லாச் சோதனையிலும் தேறிவிடலாம். சில சேர்மங்கள் கரைசலில் ஒன்றோடொன்று திரண்டு நுண்ணிய உருண்டைகளாகும். என்சைம் அந்த உருண்டையின் மேல் ஒட்டிக்கொண்டு செயலிழக்கும். எந்த என்சைமைக் கொடுத்தாலும் தடுத்ததுபோலவே தெரியும். ட்ரைட்டன் எக்ஸ்-100 என்ற சலவைப்பொருளை 0.01 சதவீதம் சேர்த்தால் உருண்டைகள் உடைந்து 'செயல்திறன்' மாயமாகிவிடும். சில சேர்மங்கள் அகப்பட்ட புரதத்தோடெல்லாம் வேதிப்பிணைப்பு கொள்ளும். சில தாமே ஒளிரும், அல்லது நிறமுடையவையாக இருந்து கருவியைக் குழப்பும். 2010-ல் பேல், ஹாலோவே இருவரும் இப்படி அடிக்கடி போலி வெற்றி தரும் வேதி அமைப்புகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்புக்குப் பெயின்ஸ் என்று பெயர். அதற்குப் பிறகு சேர்மப் பட்டியல்களை அந்த வடிகட்டியில் ஓட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

பலரும் கேள்விப்பட்டிருக்கும் உதாரணம் மஞ்சளில் உள்ள குர்குமின். அதைப் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன. அநேகமாக எந்தச் சோதனைக்கு உட்படுத்தினாலும் 'ஆம்' என்று சொல்லும் சேர்மம் அது. 2017-ல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி இதழில் வந்த விரிவான ஆய்வுரை, அது நிலையற்றது, மற்ற மூலக்கூறுகளோடு எளிதில் வினைபுரிவது, உடலுக்குள் சரியாகச் சேராதது, சோதனைகளைக் குழப்பும் குணங்கள் கொண்டது என்று எடுத்துக்காட்டியது. அந்த ஆயிரக்கணக்கான முடிவுகளில் எத்தனை, சோதனையைக் குழப்பியதால் வந்தவை என்று பிரித்துப் பார்ப்பதே இப்போது பெரிய வேலை.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. 1932-ல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் டோமாக், பிரான்டோசில் என்ற சிவப்புச் சாயத்தை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றிய எலிகளுக்குக் கொடுத்தார். எலிகள் பிழைத்தன. ஆனால் சோதனைக் குழாயில் அதே சாயம் அதே பாக்டீரியாவை ஒன்றுமே செய்யவில்லை. 1935-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில்தான் காரணம் தெரிந்தது. உடல் அந்தச் சாயத்தை உடைத்து சல்ஃபானிலமைடு என்ற சிறு மூலக்கூறைத் தருகிறது. பாக்டீரியாவைத் தடுத்தது அதுதான். குழாயில் மட்டும் சோதித்திருந்தால் பிரான்டோசிலைக் குப்பையில் போட்டிருப்பார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்காக 1939-ன் மருத்துவ நோபல் பரிசு டோமாக்குக்கு அறிவிக்கப்பட்டது.

அறுபது செல் வகைகள்

பல சோதனைகள் செய்வதன் உண்மையான பலன் 'ஆம்'களைக் கூட்டுவதில் இல்லை. எங்கே ஆம், எங்கே இல்லை, எங்கே எவ்வளவு என்ற வடிவத்தைப் படிப்பதில்தான் இருக்கிறது. இதை மிகத் தெளிவாகக் காட்டியது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1990-ல் தொடங்கிய என்சிஐ-60 ஏற்பாடு. இரத்தம், நுரையீரல், பெருங்குடல், மூளை, தோல், சூலகம், சிறுநீரகம், புராஸ்டேட், மார்பகம் என்று ஒன்பது வகைப் புற்றுநோய்களிலிருந்து எடுத்த 60 மனிதச் செல் வகைகள். ஒரு சேர்மத்தை அறுபதிலும் சோதிப்பார்கள். சில செல்கள் எளிதில் அடங்கும், சில அசையாது. அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு சேர்மத்துக்கும் கைரேகைபோல் தனித்தன்மையோடு இருக்கும். ஒரே வழியில் செயல்படும் சேர்மங்களின் வடிவங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கண்டார்கள். புதிய சேர்மத்தின் வடிவத்தைப் பழைய மருந்துகளின் வடிவங்களோடு ஒப்பிட, கம்பேர் என்ற கணினி நிரலை எழுதினார்கள்.

ஹாலிகாண்ட்ரின் பி என்ற சேர்மத்தை 1986-ல் ஜப்பானிய வேதியியலாளர்கள் ஹிராட்டா, உவெமுரா குழுவினர் ஹாலிகாண்ட்ரியா ஒகடாய் என்ற கடற்பஞ்சிலிருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். புற்றுநோய்ச் செல்களை மிகக் குறைந்த செறிவில் அடக்கியது. எப்படி என்று தெரியவில்லை. 60 செல் வகைகளில் அது காட்டிய வடிவம், செல் பிரியும்போது கயிறுபோல் இழுக்கும் நுண்குழல்களைத் தாக்கும் மருந்துகளின் வடிவத்தோடு ஒத்துப்போனது. அந்த நுண்குழல்கள் உருவாகும் டியூபுலின் என்ற புரதத்தைத் தனியே எடுத்துச் சோதித்தபோது அது உறுதியானது. ஆனால் கடற்பஞ்சை நம்பி மருந்து செய்ய முடியாது. ஒரு டன் கடற்பஞ்சிலிருந்து சில நூறு மில்லிகிராம்தான் கிடைத்தது. 1992-ல் ஹார்வர்டில் யோஷிட்டோ கிஷியின் குழு அந்தச் சேர்மத்தை ஆய்வகத்திலேயே செயற்கையாக உருவாக்கிக் காட்டியது. பிறகு, அந்தப் பெரிய மூலக்கூறில் வேலை செய்யும் பாதியை மட்டும் வைத்து எளிமையாக்கிய எரிபுலின் உருவானது. முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு 2010-ல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. கடற்பஞ்சிலிருந்து பிரித்தெடுத்து இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து.